என் மேல் விழுந்த ஊர் மண்

நான்கு வருடங்களுக்கு முன், மாசி மாதக் கடைசியில் நடந்தது இது. கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் போகிற ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கிராமம். மாதா கோயில், அதைச் சுற்றிச் சில தெருக்கள், தெருவுக்கு நாலு கறவை மாடு. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. படித்துவிட்டு யாராவது கோபித்துக்கொண்டால் சங்கடப்படப் போவது நான்தான்.

அந்த ஊரில் நான் கால்நடை ஆய்வாளர். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பது, கோழிக்குத் தடுப்பூசி போடுவது, இதெல்லாம் என் வேலை. சொந்த ஊர் கடலூர்ப் பக்கம். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. லீவு கிடைத்தால் வருவார். ஒரு பொம்பளை, அதுவும் வேற்றூர்க்காரி, மாட்டுக்குச் சினை ஊசி போடுவதா என்று ஆரம்பத்தில் ஊரே வாய்பொத்திச் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், மாடு சிரிக்கவில்லையே என்று இருந்துவிட்டேன்.

சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எனக்குப் பிடிபடாதது அவர்கள் கொடுத்த மரியாதைதான். குழாயடிக்குக் குடத்தோடு போனால் போதும், வரிசையில் நிற்கிற அத்தனை பெண்களும் விலகி, "நீங்க பிடிங்க மேடம்" என்பார்கள். நான் பிடித்து முடிக்கிறவரை ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வராது. தெருமுனை திரும்பியதும் பின்னால் பேச்சு கலகலவென்று கிளம்பும். அவ்வளவு மரியாதையை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வது? குழம்பு வைக்கவா முடியும்?

இது நடப்பதற்கு நான்கு மாதம் முன், ஐப்பசி மழையில் எதிர்வீட்டு அக்காவின் மாடு கன்று ஈனும்போது செத்துப்போனது. கன்று உள்ளே திரும்பிக் கிடந்திருக்கிறது. முதலில் பக்கத்து ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிவந்து பார்த்திருக்கிறார்கள். அவரால் முடியாமல், மாடு கழுத்தைச் சாய்த்த பிறகுதான் என் கதவைத் தட்டினார்கள். நான் போய் முழங்கை வரை கைவிட்டுப் போராடியும் தாயும் போனது, கன்றும் போனது. அக்கா அழவில்லை. வாளியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, "கையக் கழுவிட்டுப் போயிட்டு வாங்க மேடம்" என்றார். அதோடு சரி, என்னிடம் பேச்சில்லை. என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார். அதற்கப்புறம் எனக்குக் கைராசி இல்லை என்று ஊருக்குள் பேச்சு பரவியது. சினைக்கு நிற்கிற மாட்டையெல்லாம் வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

மாசி முடிந்ததும் மாறுதல் கலந்தாய்வு வரவிருந்தது. ஓசூர்ப் பக்கம் இடம் காலியாக இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றார் கணவர். பாதி மனதை நானும் மூட்டை கட்டிவிட்டேன். மீதிப் பாதிதான், இந்த ஊருக்கு நான் வேண்டாதவளா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதையாம். ஊரில் கொள்ளைநோய். வெளியூரிலிருந்து ஒரு பெண் மருந்துப் பெட்டியோடு வந்து வைத்தியம் பார்க்கிறாள். நோயைக் கொண்டுவந்ததே அவள்தான் என்று ஊர் சொல்கிறது. குடிக்கத் தண்ணீர் கொடுக்க மறுக்கிறார்கள், கடைசியில் விரட்டி அடிக்கிறார்கள். கதையைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மருந்துப் பெட்டி என்னிடமும் ஒன்று இருக்கிறது. யாரோ என்னை ஒளிந்திருந்து பார்த்து எழுதிவிட்டார்களோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

மாதா கோயிலுக்குப் பின்தெருவைக் காலம் மாற்றினார்கள். சிமெண்டு ரோட்டை மறைக்கத் திராட்சைத் தோட்டத்து மண்ணை டிப்பர் டிப்பராகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மின்கம்பத்துக்குப் பனையோலை சுற்றினார்கள், டிஷ் எல்லாம் கீழே இறங்கியது. கூட்டத்தில் நடிக்க வந்த ஊர்ப் பெண்களுக்கு நைட்டியைக் கழற்றச் சொல்லிக் கண்டாங்கிச் சேலை கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ரவிக்கை கிடையாது என்று உதவி இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பெண்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். படத்தில் எல்லாரும் ரவிக்கையோடுதான் இருக்கிறார்கள்.

ஆடுமாடு வருகிற காட்சி என்பதால், கூட இருந்து பார்த்துக்கொள்ளும்படி எங்கள் கால்நடை டாக்டர் என்னை அனுப்பியிருந்தார். நான் ஒரு வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கதாநாயகி நல்ல மாதிரி. நேரே எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்குப் போய் மோர் வாங்கிக் குடித்தது, சமையல்கட்டில் உட்கார்ந்து பேசியது. ஒரே காலையில் அந்தப் பெண்ணுக்கு "ஏத்தா, இன்னுங் கொஞ்சம் ஊத்தவா" கிடைத்தது. நான் அந்தத் தெருவில் குடியிருந்தும் எனக்குக் கிடைக்காதது அது. பொறாமையாக இருந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

அன்று எடுக்க வேண்டியது விரட்டுகிற காட்சி. பெண்கள் வரிசையாக நின்று, கதாநாயகி தலைகுனிந்து நடந்து போகும்போது கீழே குனிந்து மண்ணை வாரி அவள் மேல் தூற்ற வேண்டும். இயக்குநர் விளக்கி முடித்ததும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேமரா ஓடியது. கதாநாயகி நடந்தாள். ஒருத்தர்கூடக் குனியவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் இயக்குநர்.

எதிர்வீட்டு அக்காதான் பதில் சொன்னார். "முறைக்கச் சொல்லுங்க, முறைக்கிறோம். வைய்யச் சொல்லுங்க, வையிறோம். மண்ண வாரித் தூத்துறது மட்டும் ஆகாது சார். அது சாபம்."

"நடிப்புதானேம்மா."

"வாய்தான நடிக்கும். மண்ணுக்கு என்னத்த தெரியும்? வந்த புள்ள மேல மண்ணத் தூத்திட்டு நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கோயிலுக்குப் போறது? அதுவும் தபசு காலத்துல."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் அது. பங்குச் சாமியாரிடம் ஆள் போனது. நடிப்பு பாவமில்லை என்று அவரும் சொல்லி அனுப்பினார். "பாதர் நல்லவுக, அப்பிடித்தான் சொல்லுவாக" என்று ஒரு பெண் தள்ளிவிட்டாள். கதாநாயகிக்குப் பதில் டூப் பெண்ணை நிறுத்துகிறோம் என்றார்கள். அவளும் வந்த புள்ளைதானே என்றார்கள். இது மண்ணே இல்லை, சென்னையிலிருந்து கொண்டுவந்த புழுதிப் பொடி என்று ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினார்கள். எதை வாரினாலும் வாரித் தூத்துறது தூத்துறதுதான் என்றார்கள். நடுவில் யாருடைய இடுப்பிலோ செருகியிருந்த செல்போன் மாதா பாட்டுப் பாடியது. இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் மரத்தடியில் இருந்து ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். மாடு செத்த நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"இந்தா, மேடம் இருக்காகல்ல. அவுகள நிக்கச் சொல்லுங்க. எறியுறோம்."

நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. "ஆமா, மேடம்னா எறியலாம்" என்றது இன்னொரு குரல். வரிசை முழுவதும் தலை ஆடியது. அவ்வளவு நேரம் ஒரு பிடி மண்ணுக்கு நியாயம் பேசிய பெண்கள், என் பேர் வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராகிவிட்டார்கள்.

இயக்குநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உயரம் சரியாக இருக்கிறது, முதுகுப் பக்கம்தான் எடுக்கப்போகிறோம், கொஞ்சம் உதவி செய்யுங்கள் மேடம் என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வந்தது அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. யார் யார் எறிகிறார்கள், எவ்வளவு ஆசையாக எறிகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால், ஓசூருக்குப் போகிற முடிவையாவது குழப்பமில்லாமல் எடுக்கலாமே. கதாநாயகியின் சேலையைச் சுற்றிக்கொண்டு, மருந்துப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். முதல் பிடி எதிர்வீட்டு அக்காவுடையது. கையை ஓங்கும்போது உதட்டை அசைத்து, "கண்ண மூடிக்கடி" என்றார். திட்டுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அதுவரை மேடமாக இருந்தவளுக்கு 'டி' வேறு. அப்புறம் இரண்டு பக்கமும் மண் பறந்தது. முதுகில், தலையில், கழுத்துக்குள், ரவிக்கைக்குள். "போ, போய்த் தொல", "எங்கிட்டிருந்துடி வந்த" என்று சத்தம். யாரும் தயங்கவில்லை. பாதியிலேயே எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. முதுகுதான் படத்தில் வருகிறது என்பதால் கவலைப்படாமல் அழுதேன்.

ஷாட் முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பெண்கள் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு மோர்ப் பாத்திரத்தைப் பார்த்துப் போனார்கள். ஒரு நிமிஷத்துக்கு முன் என்னைத் தொலைந்து போகச் சொன்னவள், "மேடம், என் ஆடு ரெண்டு நாளா தீனி எடுக்க மாட்டேங்குது" என்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், எதிர்வீட்டு அக்கா நான் நின்ற இடத்தில் குனிந்திருந்தார். என் கால் பதிந்த தடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, முந்தானை நுனியில் முடிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒருத்தர் காலடி மண்ணை இன்னொருத்தர் எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் அறிவியல் படித்தவள், செய்வினையில் நம்பிக்கை இல்லாதவள். அதெல்லாம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறபோது. தலைமுடிக்குள் மண்ணோடு நடுத்தெருவில் தனியாக நிற்கும்போது படித்ததெல்லாம் துணைக்கு வரவில்லை. மாட்டுக்குப் பழியா, என்னை ஊரை விட்டு ஓட்டவா, என்ன செய்யப் போகிறார் இந்த மனுஷி என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தேன். குளிக்கக்கூட இல்லை. கணவருக்குப் போன் போட்டு, ஓசூருக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அக்கா. ஒரு கையில் பழைய சட்டி, அதில் அடுப்புக் கங்கு. இன்னொரு கையில் ஏதோ பொட்டலம்.

"கெழக்க பாத்து ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் முதலில் தனக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்தார். உப்பு, வரமிளகாய், அதோடு அந்த மண். மூன்றையும் கைக்குள் பொத்தி என்னைச் சுற்றினார். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, சினிமாக்காரன் கண்ணு" என்று முணுமுணுத்தார். துப்பச் சொன்னார், துப்பினேன். "பாதருட்ட சொல்லிறாத" என்றார் நடுவில்.

எதற்கு அக்கா இது, எறிந்ததே நீங்கள்தானே என்று கேட்டுவிட்டேன்.

"எறிஞ்சா? வெளியாளு மேல எறிஞ்சாத்தான் சாபம். ஊருக்காரி மேல விழுந்தா வெறும் புழுதி, குளிச்சாப் போயிரும். வேற யாருமேல எறியச் சொல்ற? அந்தப் புள்ளைக பாவம், வந்த எடத்துல."

"அப்புறம் எதுக்குச் சுத்திப் போடறீங்க?"

"ஒரு மனசாட்சிக்குத்தான். அத்தன பேரு மொறச்சோம்ல. எவ கண்ணு எப்பிடியோ."

நான் ஊர்க்காரியா? எப்போதிலிருந்து? மூச்சுவிடாமல் 'மேடம்' போட்டு, குழாயடியில் வழிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதெல்லாம் என்ன கணக்கு? கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் கையில் பொத்தியிருந்ததைச் சட்டிக்குள் போட்டுவிட்டார்.

சுத்திப் போட்டவர்களுக்குத் தெரியும். கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி அடிக்காது. நெடி அடித்தால் யாருடைய கண்ணும் படவில்லை என்று அர்த்தம். இரண்டு பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மிளகாய் கருகத் தொடங்கியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அக்காவின் முகம் சுண்டியது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு நெடி. இருமினேன், தும்மினேன், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அக்கா என்னைவிட மோசமாக இருமிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். இருமலுக்கு நடுவே, "ஒண்ணுமில்லடி, ஒருத்தி கண்ணுமில்ல" என்றார். அவர் கண்ணில் வழிந்தது மிளகாய்க்கா வேறு எதற்காவதா என்று தெரியவில்லை. எனக்கு வழிந்ததே எதற்கு என்று தெரியவில்லை.

போகும்போது வாசலில் நின்று, "அன்னைக்கு ஒன்னயத்தான் மொதல்ல கூப்பிட்டிருக்கணும்" என்றார். மாட்டைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் பதில் சொல்வதற்குள் தெருவைக் கடந்துவிட்டார். அவர் இத்தனை மாதம் என்னைக் கண்டு உள்ளே போனது கோபத்திலா, வெட்கத்திலா? அதையும் இன்றுவரை நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை குடத்தோடு குழாயடிக்குப் போனேன். ஒருத்தரும் விலகவில்லை. பழக்கதோஷத்தில் நேரே முன்னால் போய்விட்டேன். "வரிசையில வாங்க" என்றாள் ஒருத்தி. எதிர்வீட்டு அக்கா என் குடத்தை வாங்கித் தன் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, நடுவில் விட்ட கதையைத் தொடர்ந்தார். கதை அந்தச் சினிமா இயக்குநரைப் பற்றியது. நானும் நின்று கேட்டேன். மரியாதை போய்விட்டதே என்று வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று விளங்காமல், பாதிக் குடம் நிரம்பியதும் குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன். அன்று மாலையே கணவருக்குப் போன் போட்டு, இந்த வருடம் மாறுதல் கேட்கப்போவதில்லை என்றேன். காரணம் கேட்டார். மிளகாய் நெடி அடித்தது என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஊர்க்காரி மேல் எறிந்தால் ஒட்டாது என்று நிஜமாகவே அங்கே ஒரு வழக்கம் உண்டா என்று பின்னால் பலரிடம் விசாரித்தேன். உண்டு என்றார்கள் சிலர். கேள்விப்பட்டதே இல்லை என்று சிரித்தார்கள் சிலர். "ஷூட்டிங் முடியணுமேன்னு அக்கா வாய்க்கு வந்ததச் சொல்லியிருக்கும்" என்றாள் ஒருத்தி. அவள் என் மேல் இரண்டு பிடி எறிந்தவள்.

படம் வெளியானபோது வேன் பிடித்துக் கம்பத்துக்குப் போய்ப் பார்த்தோம். அந்தக் காட்சி வந்தது. திரையில் என் முதுகு, பறக்கிற மண், வெறிபிடித்த முகங்கள். பார்க்கவே பயமாக இருந்தது. பின்வரிசையில் ஒருவர், "என்ன சனங்கடா, ஈவு இரக்கமே இல்லாம" என்று சத்தமாகச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா திரும்பி, "யோவ், அந்தப் புள்ள இந்தா இங்கனதான் ஒக்காந்து முறுக்குத் திங்குது" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பாவம், ஒன்றும் விளங்கவில்லை அவருக்கு. எனக்கே விளங்காததை அவருக்கு எப்படி விளக்குவது?

அந்த ஊர் என்னை எப்போது சேர்த்துக்கொண்டது, எறிவதற்கு முன்பா, எறிந்த பிறகா, நெடி அடித்த பிறகா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் குழப்பம்தான். ஆனால் காலையில் குழாயடிக்குப் போனால் என் குடம் யார் குடத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் ஒரு குழப்பமும் இல்லை.